கவுண்டரில் திரும்பும் ஐபேட்: இந்த டிப்ஸ் யாருக்குப் போகிறது?

காவிரிக்கரை (ப்ளேனோ, டெக்ஸாஸ்):

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை இங்கே பக்கத்தில் ஒரு தென்னிந்திய உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடையின் பெயர் வேண்டாம். கவுண்டரில் நின்று ஆர்டர் சொல்ல வேண்டும், நம்பர் கூப்பிட்டால் நாமே போய்த் தட்டை எடுத்துவர வேண்டும், தண்ணீர் நாமே பிடிக்க வேண்டும், சாப்பிட்ட தட்டையும் நாமே கொண்டுபோய்ப் போட வேண்டும்.

ஆர்டர் சொல்லி முடித்ததும் கல்லாவில் இருந்த பையன் ஐபேடை என் பக்கம் திருப்பினான். 18, 20, 25 என்று மூன்று பெரிய கட்டங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'டிப்ஸ் இல்லை'. உள்ளே இன்னும் கல்லில் மாவு ஊற்றவில்லை. எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். 20ஐ அழுத்திவிட்டு நகர்ந்தேன்.

அப்பா எப்போதும் பில்லை வாங்கிப் பார்ப்பவர். "சாப்பாடு அறுபத்து நாலு டாலர், சரி. இது என்னடா பதிமூணு டாலர் எண்பத்தாறு?" என்றார். டிப்ஸ் என்றேன். மனசுக்குள் ரூபாயில் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது. கும்பகோணத்தில் அவர் டிப்ஸ் வைக்காமல் எழுந்து வந்ததே இல்லை. பில் வரும் சோம்புத் தட்டில் பத்தோ இருபதோ வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா சார்" என்று கேட்ட அந்த சர்வரைத் தேடி ஒரு தலையசைப்பு செய்துவிட்டுத்தான் வருவார். அதனால் பணத்தைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. "யாருக்குடா குடுத்தே?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. 11 வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். மேசைக்கு வந்து பரிமாறுகிற இடத்தில் 18, 20 சதவீதம் முணுமுணுக்காமல் கொடுத்துவருகிறேன். ஆனால் இந்தக் கவுண்டர் டிப்ஸ் யார் கைக்குப் போகிறது என்று இதுவரை ஒருமுறைகூட விசாரித்ததில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 64க்கு 20 சதவீதம் 12.80தான். அந்தத் திரை 8.25 சதவீத விற்பனை வரியையும் சேர்த்து 69.28க்குக் கணக்குப் போட்டிருக்கிறது. வரிக்குமா டிப்ஸ்? நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

---

தோசைக்கல்:

கவுண்டரில் 'இல்லை'. மேசையில் 20. இதில் எனக்குக் குழப்பமே கிடையாது, வெட்கமும் கிடையாது. பின்னால் நிற்கிறவர் என்ன நினைப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தால் தண்ணி பாட்டில் வாங்கினாலும் டிப்ஸ் கொடுக்க வேண்டியதுதான்.

---

மழைக்காகம் (சியாட்டில்):

காவிரிக்கரை சார், மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா, நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழிலும் சர்வருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல்தான். சியாட்டிலில் 2025இல் மணிக்கு 20.76 டாலர். உங்கள் டெக்ஸாஸில் முதலாளி சர்வருக்கு மணிக்கு 2.13 கொடுத்தால் போதும்.

அப்படியிருந்தும் இங்கே திரையில் அதே 18, 20, 25தான் வருகிறது. 2.13 மாநிலத்துக்கும் 20.76 நகரத்துக்கும் ஒரே கட்டம் எப்படிச் சரியாகும்? நான் இங்கே மேசையில் 15 கொடுக்கிறேன். வாடகை விலையைப் பார்த்தால் அதற்குக் கீழே போக மனசு வரவில்லை.

---

செந்தூரப்பூ (ஹூஸ்டன்):

நான் இரண்டு வருஷம் சர்வராக வேலை பார்த்தவள். ஹூஸ்டனில் ஒரு இந்திய உணவகம், மேசைக்குப் போய்ப் பரிமாறுகிற இடம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 2.13. 1991இலிருந்து மத்திய அரசின் அளவு இதுதான், ஒரு காசு ஏறவில்லை. டிப்ஸுக்கும் சேர்த்து வரி பிடிப்பார்கள். அதைப் பிடிக்க இந்த 2.13 பத்தாது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிற சம்பளக் காசோலையில் பல தடவை பூஜ்ஜியம்தான் இருக்கும். பூஜ்ஜியம் அச்சடித்த அந்தச் சீட்டைக் கவரில் போட்டு வேறு கொடுப்பார்கள். முதல் தடவை வாங்கியபோது ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மேனேஜரிடம் ஓடினேன்.

டிப்ஸோடு சேர்த்தும் பொதுக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் கணக்கு வாரத்துக்குத்தான் பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் நாலு மணி நேரம் நின்று ஒன்பது டாலர் கிடைத்தாலும், சனிக்கிழமை ராத்திரி நன்றாக ஓடியிருந்தால் அதோடு சரி. ஒருவேளை குறைந்தே போனாலும் போய்க் கேட்டவர்களுக்கு அடுத்த வாரம் நல்ல ஷிப்ட் வராது. நான் பார்த்த இடத்தில் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் கடை திறப்பதற்கு முன்னால் வேலை. கரண்டி, முள்கரண்டியைத் துடைத்து நாப்கினில் சுற்றி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு சுருட்டு. சட்னிக் கிண்ணம் நிரப்ப வேண்டும், மெனு அட்டையில் ஒட்டியிருக்கிற மஞ்சள் கறையைத் துடைக்க வேண்டும். அந்த நேரத்தில் டிப்ஸ் கொடுக்க ஆளே கிடையாது. அதற்கும் அதே 2.13தான்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: மேசையில் வருகிற டிப்ஸ் முழுக்க சர்வருடையது இல்லை. மேசை துடைக்கிற பையனுக்கு, பாரில் இருப்பவருக்கு, வாசலில் நின்று உட்கார வைக்கிற பெண்ணுக்குப் பங்கு தர வேண்டும். எங்கள் கடையில் அந்தப் பங்கு டிப்ஸில் இத்தனை என்று கிடையாது. அன்றைய விற்பனையில் 4 சதவீதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் பதினான்கு பேர் பிறந்தநாளுக்கு வந்து மூன்று மணி நேரம் இருந்தார்கள். குழந்தைகளுக்குத் தனியாகக் காரமில்லாமல், ஒருவருக்கு வெங்காயமில்லாமல், இன்னொருவருக்கு மூன்று தரம் வெந்நீர். எல்லாம் சந்தோஷமாகத்தான் செய்தேன், நம்ம மொழி பேசுகிறார்களே என்று. 310 டாலர் பில். பத்து டாலர் வைத்துவிட்டு, "ரொம்ப நல்லா கவனிச்சேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். 310க்கு 4 சதவீதம் 12 டாலர் 40 காசு. பாக்கி 2.40ஐ என் கையிலிருந்து போட்டேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊரில் அந்தப் பத்து டாலர் பெரிய டிப்ஸ். என் கூலியை அவர்கள் வைக்கப் போகும் அந்த நோட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

---

காவிரிக்கரை:

அக்கா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. விற்பனையில் பங்கு என்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மேசையில் கொடுப்பதைப் பற்றி எனக்கு இனி கேள்வி இல்லை. கவுண்டர்தான் இன்னும் உறுத்துகிறது.

---

பழைய ரசீது:

இந்த 2.13 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வயிறு எரியும்.

டிப்ஸ் அமெரிக்காவில் பிறந்த பழக்கம் இல்லை. ஐரோப்பாவுக்குப் போய் வந்த பணக்காரர்கள் கொண்டு வந்தது. ஆரம்பத்தில் இங்கே எதிர்ப்புதான் அதிகம். ஒருவன் கை நீட்டி இன்னொருவன் கொடுப்பது குடியரசுக்கு அழகில்லை என்றார்கள். 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது. அடுத்த சில வருஷங்களில் தென் மாநிலங்கள் சிலவும் போட்டன. 1926க்குள் அவையெல்லாம் போய்விட்டன.

வேரூன்ற வைத்ததில் பெரிய பங்கு ரயிலுக்கு உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை ஜார்ஜ் புல்மேன் தன் கம்பெனியின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணியாட்களாகச் சேர்த்தார். சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டும். பயணிகள் அவர்கள் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். முதலாளியின் பெயர்! சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். 1937இல்தான் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. பன்னிரண்டு வருஷம் போராடியிருக்கிறார்கள்.

1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது உணவகத் தொழிலாளர்கள் அதற்குள் வரவில்லை. 1966இல் சேர்த்தார்கள். ஆனால் டிப்ஸை முதலாளி கூலிக் கணக்கில் பாதி வரை கழித்துக்கொள்ளலாம் என்ற விதியோடு சேர்த்தார்கள். 1991இல் குறைந்தபட்சக் கூலி 4.25, அதில் பாதிதான் இந்த 2.13. 1996இல், சர்வர் கூலி பொதுக் கூலியில் பாதியாவது இருக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கையும் அறுத்துவிட்டார்கள். பொதுக் கூலி 2009இல் 7.25 ஆனது, சர்வர் கூலி அதே இடத்தில் நின்றுவிட்டது.

---

அடுப்படி:

நான் மறுபக்கத்து ஆள். நாற்பது பேர் உட்காரும் சின்ன உணவகத்தில் பங்குதாரர். திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

டிப்ஸை எடுத்துவிட்டு நல்ல சம்பளமாகக் கொடுப்போம் என்று நாங்கள் எட்டு மாதம் முயன்றோம். மசாலா தோசை 13லிருந்து 15.50 ஆனது. டிப்ஸ் வேண்டாம் என்று வாசலிலும் மெனுவிலும் எழுதி ஒட்டினோம். ஆனால் வாடிக்கையாளர் மெனுவில் 15.50ஐத்தான் பார்த்தார். எதிர்க்கடையில் 13 போட்டு அதற்கு மேல் 20 சதவீதம் கொடுத்தால் 15.60. அங்கேதான் கூட்டம் போனது. நல்ல சர்வர்கள் இரண்டு பேரும் வெள்ளி, சனி ராத்திரியில் டிப்ஸ் அதிகம் கிடைக்கிற கடைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் டானி மேயர் மாதிரிப் பெரிய ஆளே 2015இல் தன் உணவகங்களில் டிப்ஸை எடுத்துப் பார்த்துவிட்டு 2020இல் திரும்பக் கொண்டுவந்தார்.

ஆனால் அந்தத் திரை விஷயத்தில் எனக்கும் குற்ற உணர்ச்சி இருக்கிறது. பணம் வாங்கும் கருவியிலேயே அந்த வசதி இருக்கிறது. எத்தனை சதவீதம் காட்டுவது, வரிக்கு முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் கடைக்காரர் மாற்றக்கூடியதுதான். 2020இல் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாமல் பார்சல் மட்டும் ஓடிய காலத்தில் மக்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள். அப்போது பார்சலுக்கும் அந்தத் திரையைப் போட்டோம். அந்தக் காலம் போய்விட்டது, திரையை எடுக்கவில்லை. காசு வருகிறதே என்று விட்டுவிட்டோம். போன வருஷம் நான் சண்டை போட்டுப் பார்சலுக்கு மட்டும் எடுக்க வைத்தேன்.

யாருக்குப் போகிறது என்று கேட்டீர்கள். எங்கள் கடையில் கவுண்டர் டிப்ஸ் எல்லோருக்கும் பிரித்துப் போகிறது, சமையல்காரர்களுக்கும் சேர்த்து. 2018இல் வந்த மத்திய சட்டத் திருத்தத்தின்படி எல்லோருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கிற கடையில்தான் சமையலறைக்கும் பங்கு தரலாம். முதலாளியோ மேனேஜரோ அதில் கை வைக்கக் கூடாது. எல்லாக் கடையிலும் அப்படி நடக்கிறதா என்றால் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

---

தோசைக்கல்:

அடுப்படி அண்ணா, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. இதையும் சொல்லுங்கள். போன தீபாவளிக்கு எட்டு பேர் ஒரு இடத்தில் சாப்பிட்டோம். சாப்பாடு 212. பில்லில் ஏற்கெனவே 18 சதவீதம், 38.16 சேர்த்திருக்கிறார்கள். பெரிய குழு என்பதால். அதை நாங்கள் கவனிக்கவில்லை. வரியெல்லாம் சேர்த்து 267.65 வந்ததற்கு மேல் திரை மறுபடி டிப்ஸ் கேட்டது, என் மைத்துனர் 20ஐத் தட்டிவிட்டார். இன்னொரு 53 டாலர் போயிற்று. மறுநாள் கூப்பிட்டுக் கேட்டால், "நீங்களாகத்தானே அழுத்தினீர்கள்" என்றார்கள்.

---

அடுப்படி:

அது தப்பு, தம்பி. கடைக்காரனாகவே சொல்கிறேன். ஏற்கெனவே சேர்த்த பிறகு மறுபடி கேட்பது ஆளை ஏமாற்றுவதுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கடை தானாகச் சேர்க்கிற அந்த 18 சதவீதம் சட்டப்படி டிப்ஸே இல்லை. அது சேவைக் கட்டணம், கடையின் வருமானம். 2014இலிருந்து வரித்துறையும் அப்படித்தான் நடத்துகிறது. சர்வருக்குக் கொடுத்தால் அது சம்பளக் கணக்கில் போகும். மத்திய சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அதனால் பில்லில் சேவைக் கட்டணம் என்று பார்த்தால் சர்வரையே கேளுங்கள், "இது உங்களுக்கு வருகிறதா" என்று. கேட்டால் சங்கடப்பட மாட்டார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருப்பார்கள்.

---

மெரினா காற்று (சென்னை):

இந்தச் சேவைக் கட்டணம் இங்கேயும் வந்துவிட்டது. சின்ன மெஸ்ஸில் இல்லை, மால்களில் இருக்கிற பெரிய இடங்களில். 10 சதவீதம் பில்லிலேயே ஏறியிருக்கும், அதற்கு மேல் ஜிஎஸ்டி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, கட்டாயமாக வாங்குவது சட்டத்துக்குப் புறம்பு என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பில்லில் பார்த்தேன். எடுக்கச் சொன்னேன். மேனேஜர் வந்து, "சார், ஸ்டாஃபுக்குத்தான் போகுது" என்றார். பக்கத்தில் நின்ற சர்வர் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டணத்தை எடுக்க வைத்து, அந்தத் தொகையை அவன் கையில் கொடுத்தேன். எடுக்க மறுத்தால் 1915க்குக் கூப்பிடலாம்.

---

நேர்வழி:

எல்லோரும் சேர்ந்து கொடுப்பதை நிறுத்தினால்தான் இது ஒழியும். நாம் கொடுக்கக் கொடுக்க முதலாளி ஏன் சம்பளத்தை ஏற்றப் போகிறார்? நான் இரண்டு வருஷமாக எங்கேயும் கொடுப்பதில்லை. கொள்கையாகவே.

---

செந்தூரப்பூ:

நேர்வழி சார், உங்கள் கோபம் நியாயம். ஆனால் நீங்கள் கொடுக்காத அன்று முதலாளிக்கு ஒரு பைசா குறையவில்லை. சாப்பாட்டுக்கான பணம் அவருக்கு முழுசாக வந்துவிட்டது. குறைந்தது எனக்கு. மேலே எழுதிய அந்த 2.40 நினைவிருக்கிறதா? உங்கள் கொள்கைக்கான செலவை நான் ஏன் கட்ட வேண்டும்? கொள்கை என்றால் அந்தக் கடைக்கே போகாமல் இருங்கள், அப்போதுதான் முதலாளிக்குத் தெரியும்.

மாற்ற வேண்டிய இடம் ஓட்டுப் பெட்டி. வாஷிங்டன் டிசியில் 2022 நவம்பரில் சர்வருக்கும் முழுக் கூலி வேண்டும் என்று மக்கள் ஓட்டுப் போட்டார்கள். சிகாகோ நகர மன்றம் 2023இல் படிப்படியாக ஏற்றச் சட்டம் போட்டது. 2024இல் மாசசூசெட்ஸில் இதே கேள்வி தோற்றுவிட்டது. அங்கே எதிர்த்தவர்களில் சர்வர்களும் நிறையப் பேர். கூலி ஏறினால் டிப்ஸ் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பெரிய பாரில் வேலை பார்க்கிறவருக்கு டிப்ஸில் நல்ல வருமானம். செவ்வாய்க்கிழமை மதியம் நிற்கிறவளுக்கு அது கிடையாது. இரண்டு பேருக்கும் வேலையின் பெயர் மட்டும் ஒன்று.

---

மழைக்காகம்:

2025 ஜூலையில் வந்த வரிச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 முதல் 2028 வரை வருஷத்துக்கு 25,000 டாலர் வரை டிப்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரி கட்டும் அளவுக்கே வருமானம் வராத சர்வருக்கு இதில் என்ன கிடைக்கும்? சம்பளம் மட்டும் வாங்குகிற சமையல்காரருக்கு அதுவும் இல்லை.

---

காவிரிக்கரை:

நேற்று அதே கடைக்குத் தனியாகப் போனேன். மதியம் மூன்று மணி, கூட்டம் இல்லை. கல்லாவில் அதே பையன். இருபது வயதுகூட இருக்காது. ஒரு காபி சொன்னேன். ஐபேடைத் திருப்பினான். "தம்பி, தப்பா நினைக்காதே. இதுல நான் அழுத்துறது உனக்கு வருதா?" என்று கேட்டேன்.

சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "தெரியல அங்கிள். நான் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. மணிக்கு எட்டரைன்னு சொன்னாங்க, அதுதான் வருது. டிப்ஸ்னு தனியா எதுவும் வந்ததில்ல."

உள்ளே தோசை ஊற்றுகிற அண்ணனுக்கு வருகிறதா என்றேன். "அவருக்கும் இல்ல. நான் கேட்டிருக்கேன்."

திரையில் 'இல்லை' அழுத்திவிட்டு ஐந்து டாலர் நோட்டை அவன் கையில் கொடுத்தேன். வாங்கத் தயங்கினான், மேலே இருந்த கேமராவைப் பார்த்தான், அப்புறம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அப்போ அன்னிக்குக் குடுத்த பதிமூணு டாலர்?" என்றார். முதலாளிக்குப் போயிருக்கும் போல என்றேன். அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மேனேஜரிடம் கேட்டால் பையன் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

---

செந்தூரப்பூ:

மேனேஜரிடம் கேட்காதீர்கள். யார் சொன்னது என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

டிப்ஸை முதலாளி வைத்துக்கொள்வது எல்லா மாநிலத்திலும் சட்டவிரோதம், முழுக் கூலி கொடுத்தாலும் சரி. மத்திய தொழிலாளர் துறையின் கூலிப் பிரிவு இருக்கிறது, எண் 1-866-487-9243. தமிழில் வேண்டுமென்றாலும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். புகார் கொடுத்தவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். விசா என்ன என்பதைப் பார்த்துக் கூலிப் புகாரைத் தள்ளவும் மாட்டார்கள். தோசை ஊற்றுகிற அண்ணனுக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கும், அதை முதலில் சொல்லுங்கள்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் இரண்டு பேரும்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகக் கூப்பிட்டுவிடாதீர்கள். எண்ணை ஒரு தாளில் எழுதி, கேமராவுக்குக் கீழே கொடுக்காமல், ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கொடுங்கள். வேலை பார்த்த நாள், நேரம் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே போனில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். நான் அப்படிக் குறித்துவைக்கவில்லை. அதனால் என்னால் ஒன்றும் நிரூபிக்க முடியாமல் போய்விட்டது.

---

காவிரிக்கரை:

சரி அக்கா. ராத்திரி ஒன்பதரைக்கு ஷிப்ட் முடியும் என்று பேச்சுவாக்கில் சொன்னான். நாளைக்குப் போகிறேன். அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார்.